தம்ப் பிக்கோடு நாலு வருஷம்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "கிட்டார் தந்தியை மீட்ட நீ கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டிக் வில்லையை மாட்டிக்கொண்டு வாசிக்கிறாயே, அந்த தம்ப் பிக்கை நானும் வாங்கலாமா?" ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமாம். நாலு வருஷமாக அதோடு சண்டை போடுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

நான் அதை வாங்கியது ஒரே ஆசையில்தான். கூட வாசிக்க ஆள் இல்லாமல், ரிதமும் மெலடியும் என் ஒரு கிட்டாரிலேயே வர வேண்டும். விரல்களால் பிடித்து வாசிக்கிற சாதா பிக்கில் எல்லாத் தந்தியையும் சேர்த்து ஸ்ட்ரம் செய்தால் மெலடி காணாமல் போகும். மெலடியை எடுத்தால் தாளம் படுத்துவிடும். அமெரிக்க கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் கட்டைவிரல், சுட்டுவிரல் இரண்டை வைத்தே இரண்டு வேலையையும் முடித்தார். அவரை ரேடியோவில் கேட்ட இன்னொரு கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ், இது இரண்டு விரலில் நடக்கிற காரியமில்லை என்று நினைத்து இன்னும் விரல்களைச் சேர்த்துப் பழகினார். இரண்டு பேர் கட்டைவிரலிலும் தம்ப் பிக் உண்டு. சரி, நமக்கும் ஒன்று என்று கிளம்பினேன்.

பிக் விரலில் நிற்காமல் சுழல்வதைப் பற்றி எல்லாரும் புலம்புவார்கள். அது பெரிய விஷயமில்லை. செல்லுலாய்டு பிக் என்றால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, இளகியதும் விரலுக்கு ஏற்ப வளைத்துக் குளிர்ந்த நீரில் முக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். நெருப்பில் மட்டும் காட்டக் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும்.

என்னைப் படுத்தியது சத்தம். டிராவிஸ் பாணியில், சி கார்டு (சில சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற பிடி) பிடித்துக் கட்டைவிரலால் தடித்த ஐந்தாம் தந்தி, நாலாம் தந்தி என்று மாற்றி மாற்றி பேஸ் அடித்துக்கொண்டே, மெல்லிய தந்திகளில் மற்ற விரல்களால் மெலடி எடுக்க வேண்டும். பேஸுக்குப் பிளாஸ்டிக், மெலடிக்கு வெறும் சதை. பேஸ் டங் டங்கென்று முன்னால் வந்து நிற்கும். மெலடி பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பதுபோல் கேட்கும். எனக்கென்னவோ முழுப் பாட்டும் கேட்டது, ஏனென்றால் அது என் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் பதிவு செய்து கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது.

வைத்தியங்கள் பார்த்தேன். உள்ளங்கையின் அடிப்பகுதியை, கிட்டார் உடலில் தந்திகள் முடிகிற பிரிட்ஜ் ஓரமாகத் தடித்த தந்திகள்மேல் லேசாக வைத்தால் பேஸ் துப் துப்பென்று அடங்கி டிரம் மாதிரி ஆகிறது. நல்ல வழி, ஆனால் கை கொஞ்சம் நகர்ந்தால் மூன்றாம் தந்தியும் செத்துப்போகும். அடுத்து, பிக்கின் முனையை உப்புத்தாளில் தேய்த்துக் குட்டையாக்கினேன். நீளமான முனை தந்திக்குள் ஆழமாக இறங்குவதால்தான் அவ்வளவு இரைச்சல். இதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மெலடி சத்தமாக வர நகம் வளர்த்தேன், உடைந்தது. அந்தக் கதை வேண்டாம்.

வெறுத்துப்போய் ஹைப்ரிட் பிக்கிங் பக்கம் ஓடினேன். சாதா பிக்கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து பேஸ், மெலடிக்கு நடுவிரலும் மோதிரவிரலும். இரண்டு விரல் பிடிப்பதால் பிக்கைச் சாய்த்து மெதுவாகத் தொட முடிகிறது. வேகமான வரி வந்தால் மேலும் கீழும் அடித்துத் தாண்டிவிடலாம். தம்ப் பிக்கில் மேல்நோக்கி அடித்தால் தந்தியில் சிக்கிக்கொள்ளும், விரலிலும் திரும்பிக்கொள்ளும். நேர்மையாகச் சொன்னால் முக்கால்வாசிப் பாட்டுக்கு ஹைப்ரிட்தான் மேல். குறை ஒன்றுதான்: இருப்பதிலேயே கெட்டிக்காரனான சுட்டுவிரல் பிக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் ஏன் இன்னும் தம்ப் பிக்? மேபெல் கார்ட்டரால்தான். அமெரிக்காவின் பிரிஸ்டலில் 1927-இல் முதல்முறை பாட்டுப் பதிவு செய்த கார்ட்டர் குடும்பம் என்ற இசைக்குழுவின் கிட்டார் கலைஞர். அவர் பாணியில் எல்லாம் தலைகீழ். கட்டைவிரல் தடித்த தந்திகளில் மெலடி வாசிக்கும், இடைவெளிகளில் சுட்டுவிரல் மெல்லிய தந்திகளை வருடி ரிதம் போடும். ஒருநாள் விளையாட்டாக இதை முயன்றேன். டங்கென்று பாட்டே முன்னால் வந்து நின்றது! எந்தச் சத்தத்தை இத்தனை நாள் திட்டித் தீர்த்தேனோ, இங்கே பாட்டைத் தூக்கி நிறுத்தியது அதுதான். சுட்டுவிரல் சதையாக இருப்பதும் வசதி, ரிதம் தானாகவே பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது. உள்ளங்கையால் அடக்க வேண்டாம், நகம் வேண்டாம். முதலில் கட்டைவிரலை மட்டும் தனியாக விட்டு மெலடி பழகிக்கொண்டு, பிறகு வருடலைச் சேர்த்தால் சீக்கிரம் கைக்கு வரும். மெலடி ஐந்து, நாலு, மூன்றாம் தந்திகளுக்குள் அடங்குகிற மாதிரி கார்டுகளைத் தேர்ந்துகொண்டு, பாடுகிற சுருதிக்கு கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) போட்டுக்கொண்டால் போதும். அந்த வாரம் முழுக்க வேறு எதையும் வாசிக்கவில்லை.

ஆனால் நேற்றுப் பழைய டிராவிஸ் பாணிக்குத் திரும்பினேன். பேஸ் மறுபடியும் மெலடியை விழுங்கியது, நடுவில் பிக்கும் சுழன்றது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எனவே நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. கையில் இருக்கிற பிக்கிலேயே ஹைப்ரிட் பழகு. என்னுடையதை இரவல் கேட்டாலும் தர மாட்டேன். தேய்த்துத் தேய்த்து என் விரலுக்கென்றே வளைத்தது, உனக்குச் சேராது.