எழும்பூரில் இறங்குகிறவருக்கு மெட்ரோ எவ்வளவு தூரம் உதவும்?

டெல்டாவிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. எழும்பூர் வரை வண்டியில் போய் இறங்குகிறவர்கள் ஒரு வகை. அதற்கு முன்பே தாம்பரத்திலோ கிளாம்பாக்கத்திலோ இறக்கிவிடப்படுகிறவர்கள் இன்னொரு வகை. சுரங்க மெட்ரோ எப்படி என்று கேட்டால் முதல் வகை புகழும், இரண்டாம் வகை முகம் சுளிக்கும். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் எழும்பூர். ரயில் நிலையத்தின் முகப்பிலேயே மெட்ரோ நிலையம். 2018 மே 25-ல் நேரு பூங்காவிலிருந்து சென்ட்ரல் வரையிலான சுரங்கப் பகுதி திறந்தபோதுதான் இது நமக்குப் பயன்பட ஆரம்பித்தது. சென்ட்ரல் அடுத்த நிறுத்தம். ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கு, அதாவது ஜி.எச்.சுக்கு, ஃபைலும் பையுமாகப் போகிறவர்கள் ஆட்டோவில் பேரம் பேச வேண்டிய அவசியம் இதோடு தீர்ந்தது. சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறினால் வடக்கே அடுத்த நிறுத்தம் உயர் நீதிமன்றம். தஞ்சாவூர் மாவட்டத்து வழக்கு மதுரைக் கிளைக்குப் போய்விடும். திருவாரூர், நாகை வழக்குக்காரர்கள்தான் இந்த நிறுத்தத்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவர்கள். அதே நீலத் தடத்தில் தெற்கே திரும்பினால் ஓமந்தூரார் மருத்துவமனைக்கு அரசினர் தோட்டம், மருத்துவப் பணிகள் இயக்ககமான டி.எம்.எஸ். வளாகத்துக்கு ஏ.ஜி.-டி.எம்.எஸ். என்று அலுவல் உள்ள இடமெல்லாம் வரிசையாக வரும்.

சென்ட்ரலில் தடம் மாறும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நீலமும், எழும்பூர் வழியாக வரும் பச்சையும் வேறு வேறு தளம். கூட்டம் போகிற பக்கம் போகாமல், பலகையில் நிறத்தையும் கடைசி நிலையத்தின் பெயரையும் பாருங்கள்: விமான நிலையமா, விம்கோ நகரா, பரங்கிமலையா என்று. வெளியே போகும் கேட்டைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் அந்த டிக்கெட் முடிந்தது, புதிதாக எடுக்க வேண்டும்.

டிக்கெட் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50. கைபேசியில் எடுத்தாலோ கார்டில் போனாலோ 20 சதவீதம் தள்ளுபடி. கவுன்டரில் தரும் காகிதச் சீட்டில் இருப்பதும் க்யூஆர்தான். நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்தால் மடிப்பு கட்டத்தின் நடுவே ஓடும், வியர்வையும் சேர்ந்தால் இறங்கும் இடத்தில் கேட் படிக்காது. பதற வேண்டாம், பக்கத்தில் உள்ள சேவை மையத்தில் காட்டினால் போதும். கைபேசி டிக்கெட்டை மேலேயே, சிக்னல் இருக்கும்போதே எடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்வது நல்லது. அடிக்கடி போகிறவர்கள் சிங்காரச் சென்னை அட்டை வாங்கிவிடலாம், மாநகரப் பேருந்திலும் செல்லும். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மின்ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே க்யூஆர் கிடைக்கிறது. தாம்பரத்தில் இறங்குகிறவர்களுக்கு இது அட்டையைவிட உபயோகம்.

பெரிய பிரச்சினை மூட்டை. ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு அரிசிச் சிப்பம், தேங்காய், வாழைத்தார் இல்லாமல் நம் ஆட்கள் கிளம்புவதில்லை. எல்லாம் எக்ஸ்ரே பெட்டிக்குள் போய்த்தான் வரும். மண்ணெண்ணெய், பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கும் எதுவும் கூடாது, அரிவாள்மனையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மூட்டையோடு எஸ்கலேட்டரில் ஏறாதீர்கள். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் தெருவிலிருந்து நடைமேடைக்கு ஒரே லிஃப்டில் போக முடியாது. தெருவிலிருந்து டிக்கெட் தளத்துக்கு ஒன்று, கேட்டைத் தாண்டி நடைமேடைக்கு இன்னொன்று. முதல் லிஃப்டில் வெறும் ஒரு தளம் இறங்கியதும் ‘ரயிலைக் காணோமே’ என்று மறுபடி மேலே போய்விடுகிறவர்கள் உண்டு. வண்டிக்கு நாலே பெட்டி. காலை 8 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் சிப்பத்தோடு ஏறுவது உங்களுக்கும் சிரமம், நிற்கிறவர்களுக்கும் சிரமம்.

கட்டுமானத்தைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் தண்ணீரோடு வாழ்கிற நமக்கு இது எளிதில் விளங்கும். நிலைய வாசலில் முதலில் சில படி ஏறி, பிறகுதான் கீழே இறங்க வேண்டும். வீண் வேலை போலத் தெரியும். வெள்ளக் காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கத்தான் அந்த மேடு, நம் ஊர் வீடுகளில் திண்ணையை உயர்த்திக் கட்டுவது போல. நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடிக் கதவுகள். வண்டியின் கதவும் இதுவும் நேருக்கு நேர் நின்ற பிறகே இரண்டும் திறக்கும். ஆள் விழாமல் காப்பதோடு, ஏசி குளிர் சுரங்கத்துக்குள் ஓடிப் போகாமலும் தடுக்கிறது.

தோண்டுவது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று சலித்துக்கொள்கிறோம். சென்னையின் தெற்கே கிண்டி, சைதாப்பேட்டைப் பக்கம் கடும்பாறை; வடக்கே மணலும் களியும். சுரங்கம் குடையும் இயந்திரத்தின் முகத்தில் பாதி பாறை, பாதி மண் என்று வந்தால் வெட்டும் சக்கரங்கள் ஒரு பக்கமாகத் தேயும், வேகம் விழும். நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே போவதால் முகத்தில் அழுத்தம் பிடித்துக்கொண்டே நகர வேண்டும். அழுத்தம் குறைந்தால் மண் சரிந்து உள்ளே வரும், மேலே ரோடு உட்காரும். கூடினால் மண்ணை இளக்கக் கலக்கும் நுரை, மூடாமல் விட்ட பழைய போர்வெல் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் பள்ளம் விழுந்து ஒரு மாநகரப் பேருந்தும் காரும் உள்ளே இறங்கியது சுரங்க வேலை நடந்த இடத்தில்தான். போர் போடும்போது ஊற்று மணல் சரிவதைப் பார்த்தவருக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மெட்ரோ விரிவாக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி தடம், 26.1 கிலோமீட்டர். கோடம்பாக்கம் வரை சுரங்கம், அதன் பிறகு மேம்பாலம். மயிலாப்பூர்க் கோயிலுக்கும், பனகல் பூங்கா வழியாகத் தி.நகர்க் கல்யாண ஜவுளிக்கும் உதவப்போவது இதுதான். 2023-ல் மெரினா முனையில் இறக்கிய இயந்திரத்துக்கு ‘ஃபிளமிங்கோ’ என்று பெயர். நம் கோடியக்கரைக்கு வருகிற பூநாரைதான், தரைக்குள் விட்டிருக்கிறார்கள்.

இனி இரண்டாம் வகையினரின் குறை. எழும்பூர் நிலையச் சீரமைப்பு வேலையால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. டிக்கெட்டில் இறங்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் மெட்ரோ கிடையாது. மின்ரயிலில் வந்து பரங்கிமலையில் மாறுவது கோயம்பேடு, வடபழனி, அண்ணா நகர் போகிறவர்களுக்கு மட்டுமே லாபம். எழும்பூர் போகிறவர் மின்ரயிலிலேயே உட்கார்ந்திருக்கட்டும், அண்ணா சாலைப் பக்கம் வேலை என்றால் கிண்டியில் மாறலாம். 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் நிலை இதைவிட மோசம். விமான நிலையத்திலிருந்து அங்கே 15.46 கிலோமீட்டர் நீட்டிக்கத் திட்டம் வகுத்திருக்கிறார்கள். பேருந்து நிலையத்தை முதலில் மாற்றிவிட்டு ரயிலை அப்புறம் யோசிக்கிற வரிசை, தென் மாவட்டத்துக்காரர்கள் தலையில்தான் விடிந்திருக்கிறது.

நேரமும் பார்க்க வேண்டும். முதல் வண்டி காலை 5 மணிக்கு, கடைசி வண்டி முனைய நிலையங்களிலிருந்து இரவு 11 மணிக்கு. நாலு, நாலரைக்கு எழும்பூரில் இறங்கினால் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு மெட்ரோவுக்கு இறங்கினால் சரியாக இருக்கும். விமான நிலையம் போகிறவர் எழும்பூரிலிருந்து மின்ரயிலில் திரிசூலம் போனால் பத்து ரூபாய் தாண்டாது. ஆனால் அங்கே பெட்டியோடு படி ஏறி இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டும். மெட்ரோவில் ஒரு தடவை மாறினாலும் முனையத்துக்கு நேரே நடைபாதை. பெரிய பெட்டி இருந்தால் மெட்ரோ, தோள்பை மட்டும் என்றால் மின்ரயில்.