மூன்று வருடம், நாலு நோட்டு: மனசுக்குள் பேசுவதை எழுதிப் பார்த்த அனுபவம்

நாலாவது நோட்டு பாதியில் இருக்கிறது. ஆரம்பித்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. தினமும் எழுதினேன் என்று சொன்னால் பொய். வாரத்துக்கு மூன்று, நாலு நாள் எழுதியிருப்பேன். நடுவில் இரண்டு மாதம் நோட்டைத் தொடவே இல்லை.

முதல் ஆறு மாதம் எழுதியது வெறும் டைரி. போனது, வந்தது, பார்த்தது, கடைசியில் 'இன்று மனசு சரியில்லை' என்று ஒரு வரி. திரும்பப் படித்தால் வருகைப் பதிவேடு மாதிரி இருந்தது. அப்புறம் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மனசுக்குள் ஓடிய வாக்கியத்தை, ஓடிய சொற்களிலேயே எழுதுவது. அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றில் தப்பு இருந்தது தெரிந்த அன்று, 'வருத்தமாக இருந்தது' என்று எழுதாமல் உள்ளே கேட்டதை அப்படியே எழுதினேன்: 'உனக்கு ஒரு வேலையை உருப்படியாகச் செய்யத் தெரியாது. எப்பவும் இப்படித்தான்.'

காகிதத்தில் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த 'எப்பவும்'. ஒரு மின்னஞ்சலுக்கு இவ்வளவு பெரிய சொல்லா? அடுத்துப் பட்டது 'நீ'. பழைய பக்கங்களைப் புரட்டினேன். நல்லது நடந்த நாட்களில் 'நான் முடித்துவிட்டேன்'. திட்டு விழும் இடங்களில் மட்டும் 'நீ'. இத்தனை வருடமாக எனக்குள் இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள், நான் கவனித்ததே இல்லை.

மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் இந்த மாதிரி வாக்கியங்களைத் தானியங்கி எண்ணங்கள் என்றார். கூப்பிடாமலே வரும், உண்மையா என்று யாரும் விசாரிப்பதில்லை. எழுதும்போது கை மெதுவாகத்தான் போகும் என்பதால் விசாரிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

ஈத்தன் கிராஸ் என்ற உளவியலாளரின் குழு 2014ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 'நான்' என்பதை விட்டுவிட்டு, தன் பெயரையோ 'நீ'யையோ சொல்லித் தனக்குள் பேசிக்கொண்டவர்களுக்கு, மேடைப் பேச்சு போன்ற சமயங்களில் பதற்றம் குறைவாக இருந்தது என்றார்கள். எனக்கு 'நீ' ஒத்துவரவில்லை. அது ஏற்கெனவே திட்டு வாங்கப் பழகிய சொல். பெயர் போட்டு எழுதியது பரவாயில்லை. ஒருநாள் விளையாட்டாக 'நீங்க' போட்டுப் பார்த்தேன். 'நீங்க எப்பவும் இப்படித்தான்.' சிரித்துவிட்டேன். மரியாதை கொடுத்துவிட்டால் திட்டு பாதியிலேயே தடுமாறுகிறது. இன்றைக்கும் ரொம்ப மோசமான நாட்களில் இதைத்தான் செய்கிறேன்.

எனக்கு எது முக்கியம் என்ற விஷயத்தில்தான் நோட்டு என்னை அசத்தியது, கூச்சப்படவும் வைத்தது. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு: குடும்பம், நேர்மை, கற்றல், சுதந்திரம். இப்படிக் கேட்டால் யாரும் எழுதுகிற பட்டியல்தான். அந்த நோட்டு முடிந்ததும் பேனாவோடு உட்கார்ந்து, எது எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணினேன். அக்கா ஒன்பது இடத்தில் வருகிறாள். ஒன்பதும் 'அக்காவிடம் பேச வேண்டும்'. பேசியதாக ஒரு பக்கம்கூட இல்லை. என் வேலையைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பதோ இருபதைத் தாண்டியது. பட்டியலில் 'பாராட்டு' என்ற சொல்லே கிடையாது.

கோபத்தில் எழுதிய பக்கங்களும் இதற்கு நன்றாக உதவின. ஒரு கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவரைப் பேசவிடாமல் ஒருவர் மடக்கிக்கொண்டே இருந்தார். அவரைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாவது பக்கத்தில்தான் தெரிந்தது, கோபம் அவர்மேல் இல்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்மேல் என்று.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இரண்டாவது வருடம் ஒரே சண்டையைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். 'ஏன் அப்படிச் சொன்னார்' என்று ஆரம்பித்து அங்கேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். எழுத எழுதப் புண்தான் பெரிதானது. 'ஏன்' என்பதை 'அதில் எது என்னைக் குத்தியது' என்று மாற்றிய பிறகுதான் வெளியே வர முடிந்தது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம்தான் எழுதினார்கள். மனதைப் பாதித்ததை உணர்ச்சியோடு எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. நானும் இப்போது 15 நிமிடத்துக்கு அலாரம் வைக்கிறேன். நாலு நாளில் அடங்காததை யாரிடமாவது பேசிவிடுகிறேன். பழைய பெரிய காயம் இருப்பவர்கள் நோட்டை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்; ஒரு மனநல ஆலோசகரிடம் போவது நல்லது.

போனில் ஒரு செயலியில் மூன்று வாரம் எழுதிப் பார்த்தேன். தேடும் வசதி அருமை. கோடு போட்டு எண்ணுகிற வேலை மிச்சம். ஆனால் அதில் அழித்தால் அழிந்தேபோகிறது. நோட்டில், நண்பனுக்குப் பதவி உயர்வு வந்த நாளின் பக்கத்தில் 'ஏமாற்றம்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் அடித்த சொல் ஒன்று இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் படிக்கலாம்: 'பொறாமை'.