57 செவர்லேயா, ஃபோர்டா, பிளைமவுத்தா?

பழைய அமெரிக்க கார் என்றதும் பெரும்பாலானவர்கள் மனதில் வருவது 1957 செவர்லே பெல் ஏர்தான். காலண்டரிலும் பொம்மைக் கடையிலும் அந்தக் கூரான பின் றெக்கைதான் நிற்கிறது. எனக்கும் அந்த கார் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த வருடம் கையில் அளவான பணத்தோடு புது கார் வாங்கக் கிளம்பிய அமெரிக்கக் குடும்பத்துக்கு முன்னால் மூன்று பெயர்கள் இருந்தன: செவர்லே, ஃபோர்டு, பிளைமவுத். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் செவர்லேதான் இருப்பதிலேயே பழைய கார். அடியில் இருந்தது 1955இல் வந்த அதே பாடி, அதே சேஸி. மற்ற இரண்டும் அந்த வருடம் புதிதாக வரைந்து கட்டியவை. இன்று செவர்லே இத்தனை பேர் கையில் ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பழமைதான் முதல் காரணம், அழகு அடுத்த காரணம் என்பது என் கட்சி.

அந்தக் கால வாங்குபவர்களும் இதைக் கவனித்தார்கள். 1957 மாடல் வருடத்தில் ஃபோர்டு 16 லட்சத்துக்கு மேல் கார்கள் செய்தது, செவர்லே சுமார் 15 லட்சத்தில் நின்றது. ஃபோர்டு நீளமாக, தாழ்வாக, புதிதாக இருந்தது. ஃபிரேமின் பக்கவாட்டுச் சட்டங்களை வெளிப்புறமாக வளைத்து, நடுவில் தரையைக் கீழே இறக்கியிருந்தார்கள், அதனால் கூரையைத் தாழ்த்தியும் உட்காருபவர் தலைக்கு இடம் கிடைத்தது. ஃபேர்லேன் மாடலின் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி) 118 அங்குலம், செவர்லேயுடையது 115 அங்குலம். மூன்று அங்குலம் காகிதத்தில் சின்ன விஷயம், பக்கவாட்டில் நின்று பார்த்தால் அப்படி இல்லை. செவர்லே கொஞ்சம் உயரமாக, கச்சிதமாக நிற்கும்.

பிளைமவுத் இரண்டையும் தாண்டிப் போனது. பிளைமவுத்தைச் செய்த கிறைஸ்லரின் வடிவமைப்புத் தலைவர் வெர்ஜில் எக்ஸ்னர் அந்த நிறுவனத்தின் எல்லா பிராண்டுகளையும் ஒரே அடியில் மாற்றினார். மெல்லிய கூரை, பெரிய கண்ணாடிகள், பின்னால் போகப் போக உயர்ந்துகொண்டே போகும் றெக்கை. 'திடீரென்று 1960 வந்துவிட்டது' என்ற பொருளில் விளம்பரம் கொடுத்தார்கள், அது வெறும் பேச்சு இல்லை. 1956இல் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் இளம் டிசைனர் சக் ஜோர்டன், கிறைஸ்லர் ஆலைக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த 57 பிளைமவுத்களைப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குத் திரும்பி மற்றவர்களையும் அழைத்துப் போய்க் காட்டினார். அதற்கப்புறம் 1959க்காக வரைந்து வைத்திருந்ததை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி வரைய ஆரம்பித்தார்கள். போட்டிக்காரனின் காரைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி ஒரு நிறுவனம் முழு வரிசையையும் மாற்றியது என்றால், அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு டிசைனருக்குக் கிடைக்காது.

சரி, ஓட்டினால்? இங்கே பிளைமவுத்துக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வரவே முடியாது. முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு நீளவாக்கில் டார்ஷன் பார் வைத்தார்கள், அதாவது முறுக்கப்படும்போது எதிர்த்துத் திரும்பும் எஃகுக் கம்பி. திருப்பத்தில் வண்டி சாய்வது குறைந்தது, பிரேக் பிடித்தால் மூக்கு கீழே குத்துவதும் குறைந்தது. கியர்பாக்ஸ் மூன்று வேக டார்க்ஃபிளைட், டேஷ்போர்டில் பொத்தானை அழுத்தி ஓட்டுவது. (பார்க் பொத்தான் கிடையாது, நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டே ஆக வேண்டும், முதல் முறை ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்.) அதே வருடம் செவர்லேயின் பவர்கிளைடு இரண்டே வேகம். அதற்கு மேலான மாற்று என்று கொண்டுவந்த டர்போகிளைடு, கியர் மாறுவதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் உள்ளே சிக்கல் அதிகம், பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு. 1961க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். டார்க்ஃபிளைட்டின் வழித்தோன்றல்களோ 2000க்குப் பிறகும் டிரக்குகளில் வந்துகொண்டிருந்தன.

எஞ்சினில் கதை தலைகீழ். 1955இல் பொறியாளர் எட் கோலின் தலைமையில் 265 கன அங்குலத்தில் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8, 1957இல் 283 ஆனது. அளவில் சின்னது, எடை குறைவு, ராக்கர் ஆர்ம்கள் (வால்வுகளைத் திறக்கும் நெம்புகோல்கள்) தகட்டில் அச்சடித்தவை, செலவும் குறைவு, வேகமாகச் சுற்றவும் தயங்காது. கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து பீச்சும் ரோசெஸ்டர் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த உச்ச மாடல் 283 குதிரைத்திறன், கன அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கு. அந்தக் காலத்து எண்கள் மின்விசிறியும் சைலன்சரும் இல்லாமல் எஞ்சினை மட்டும் சோதனை மேடையில் வைத்து அளந்தவை, இன்றைய கணக்கோடு வைத்துப் பார்க்கக் கூடாது. இன்ஜெக்‌ஷனைச் சரிபார்க்க ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கம் இல்லாததால் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் போட்டுக்கொண்டார்கள். அப்படி எறிந்த பாகத்துக்கு இன்று கேட்கும் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஃபோர்டின் ஒய்-பிளாக் எஞ்சின் கீழே ரொம்ப உறுதி, மேலேதான் தகராறு. ராக்கர்களுக்குப் போகும் எண்ணெய், வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் நடு பேரிங் வழியாக ஏற வேண்டும், அந்த வழி கசடு பிடித்து அடைத்தால் மேல்பகுதி எண்ணெய் இல்லாமல் தேய ஆரம்பிக்கும். வெளியே ஒரு தனிக் குழாய் வைத்து எண்ணெயை மேலே கொண்டுபோவது அந்தக் காலத்திலேயே பழக்கமான வைத்தியம். 312 கன அங்குல எஞ்சினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்து 300 குதிரைத்திறன் வரை கொடுத்தார்கள், கேட்கவே அருமையான சத்தம். பிளைமவுத் ஃபியூரியின் 318, இரண்டு நான்கு-பேரல் கார்புரேட்டரோடு 290 குதிரைத்திறன். சக்திக்குக் குறைவில்லை, எடைதான் அதிகம். பந்தயத்தில் செவர்லே எடுபட்டது. அமெரிக்க கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கிராண்ட் நேஷனலில் 1957 பட்டம் வென்ற பக் பேக்கர் ஓட்டியது செவர்லேதான். அந்த ஜூனில் கார் தயாரிப்பாளர்கள் சங்கம் பந்தயத்திலிருந்து விலகுவதாக முடிவெடுத்து, நிறுவனங்களின் நேரடிப் பங்கை முடித்துவைத்தது.

ஃபோர்டைப் பற்றிப் பேசினால் ஸ்கைலைனர் மாடலை விட முடியாது. தகட்டுக் கூரை முழுசாகத் தானே எழுந்து, மடிந்து, டிக்கிக்குள் போய்ப் படுக்கும். இதற்காக உள்ளே மோட்டார்களும் ரிலேக்களும் 600 அடிக்கு மேல் ஒயரும். முதல் வருடம் 20,000க்குச் சற்று அதிகமாகச் செய்தார்கள், மூன்று வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். சாதாரண விலைக் கடையில் இப்படி ஒன்றை விற்கத் துணிந்தார்களே என்று இப்போதும் ஆச்சரியப்படுகிறேன். வாங்குவதாக இருந்தால் ஒயரிங் படத்தை முதலில் படியுங்கள்.

இனி வலிக்கிற விஷயம். பிளைமவுத் இவ்வளவு நல்ல கார், ஆனால் அவசரத்தில் கட்டியது. மழையில் ஒழுகியது, ஹெட்லைட்டுக்கு மேலே ஃபெண்டர் அரித்தது, தரை அரித்தது, ஆரம்பகால டார்ஷன் பார்கள் முறிந்ததாகவும் புகார்கள் வந்தன. அந்த மாடல் வருடம் உற்பத்தி 7 லட்சத்தைத் தாண்டி, ஜெனரல் மோட்டார்ஸின் பியூக்கிடமிருந்து மூன்றாம் இடத்தைத் திரும்பப் பிடித்தது, அடுத்த வருடமே பொருளாதார மந்தமும் கெட்ட பெயரும் சேர்ந்து பலமாக விழுந்தது. எனக்கு இதில்தான் கோபம். பொறியாளர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். வருடா வருடம் புது முகம் காட்டியே ஆக வேண்டும் என்ற அந்தத் தொழிலின் வெறிதான் பாடியைப் பரிசோதிக்க நேரம் கொடுக்காமல் ஆலையை ஓட விட்டது. ஃபோர்டும் புது பாடிதான், அதுவும் மோசமாகவே துருப்பிடித்தது. செவர்லேயும் துருப்பிடிக்கும், ஹெட்லைட்டுக்கு மேலே அதுவும் அரிக்கும், ஆனால் இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்து, கதவு எங்கே தொங்குகிறது, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு செய்த கார் அது. சாத்தும்போது கதவு எழுப்பும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அதே தொழில் இன்று எதிர்ப்பக்கம் போய்விட்டது. பிளைமவுத் என்ற பெயரே 2001இல் போய்விட்டது, ஃபோர்டு 2018இல் அமெரிக்காவில் செடான்களை நிறுத்துவதாக அறிவித்தது, செவர்லே மாலிபுவும் 2024இல் நின்றது. சம்பளக்காரர் வாங்கக்கூடிய ஒரு அழகான நாலு கதவு காருக்காக மூன்று நிறுவனங்கள் அடித்துக்கொண்ட காலம் திரும்பி வரும் என்ற அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிக்கப்பும் எஸ்யூவியும் லாபம் தருகின்றன என்ற கணக்கு புரிகிறது, ஆனாலும் ஏற்க மனம் வரவில்லை.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு: முதல் பழைய கார் என்றால் யோசிக்காமல் செவர்லே. போல்ட் முதல் பாடி முழுவதும் வரை புதிதாக அச்சடித்து விற்கிறார்கள், எஞ்சினைத் தொடத் தெரிந்தவர்கள் அமெரிக்காவின் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் பெல் ஏர் கன்வெர்டிபிளைத் துரத்தாதீர்கள். பெல் ஏருக்கு ஒரு படி கீழான டூ-டென் நாலு கதவு செடான் எடுங்கள், அதே உலோகம், அதே 283, குரோம் மட்டும் குறைவு, விலை பல மடங்கு குறைவு. ஃபோர்டில் சாதா ஃபேர்லேன் செடான் இன்னும் மலிவு, ராக்கர் மூடியைத் திறந்து எண்ணெய் மேலே வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பிளைமவுத் எடுப்பவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்: டிரிம் பாகங்கள் கிடைப்பது அபூர்வம், பின் பிரேக் டிரம்மைக் கழற்றவே தனிப் புல்லர் வேண்டும், கார்ப்பெட்டைத் தூக்கித் தரையையும் டார்ஷன் பார் மாட்டியிருக்கும் இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் பேரம் பேசக் கூடாது. குத்தியும் உலோகம் உறுதியாக நின்றால், மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அதை வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.