குதிரையின் கால் புண்ணுக்கு எது: ஆன்டிபயாட்டிக்கா, தினசரிக் கழுவலா?

சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. அதற்குப் பிறகு, பந்தயத்தை விட்ட குதிரை ஒன்றை நானும் என் நண்பரும் சேர்ந்து பொறுப்பேற்றோம். நல்ல சுபாவம், பழுப்பு நிறம், பின்னங்கால் இரண்டும் வெள்ளை. அந்த வெள்ளைக் கால்களில்தான் தொல்லை வந்தது. குளம்புக்கு மேலே உள்ள மடிப்பில் பொருக்குத் தட்டி, அடியில் ஈரப்புண்.

முதல் முறை கால்நடை மருத்துவர் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா என்ற ஆன்டிபயாட்டிக் பொடி கொடுத்தார். தீவனத்தில் கலந்து ஒரு வாரம் கொடுத்தோம். புண் ஆறியது. மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. அதே மருந்தை மறுபடி ஆரம்பித்தோம். ஐந்து நாளாகியும் அசையவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லி, புண்ணைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார் மருத்துவர். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. பென்சிலினுக்கும் எதிர்ப்பு, நாங்கள் கொடுத்த பொடிக்கும் எதிர்ப்பு.

இனி இரண்டு வழி என்றார். ஒன்று, அறிக்கையில் இன்னும் வேலை செய்வதாகக் காட்டிய வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கு மாறுவது. இன்னொன்று, ரோமத்தைக் கத்தரித்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தினமும் கழுவி, காயவைத்து, இரண்டு வாரம் பார்ப்பது. குதிரைக்குக் காய்ச்சலும் இல்லை, நொண்டலும் இல்லை. அதனால்தான் இந்த இரண்டாவது வழிக்கே இடம் இருந்தது. நாங்கள் கழுவலைத் தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மருந்தில் பணம் போகும், கழுவலில் ஆள் நேரம் போகும். வேகத்தில் மருந்து முந்தும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பக்க விளைவில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். குதிரை புல்லைச் செரிப்பதே பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களை வைத்துத்தான். வாய்வழி கொடுக்கும் மருந்து காலுக்கு மட்டும் போவதில்லை, அந்தக் கூட்டத்தையும் தாக்குகிறது. சில குதிரைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வந்து உயிரே போவதுண்டு. உயிர் தப்பினாலும், குடலில் மருந்தைத் தாங்கி நின்ற பாக்டீரியாக்கள்தான் பெருகும். அவை எதிர்ப்பு மரபணுக்களை வேறு வகை பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றக்கூடியவை. சாணம் கொட்டிலில், கொட்டிலைக் கூட்டும் கை அடுத்த கொட்டிலில். கழுவல் தோலோடு நின்றுவிடுகிறது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இதுகூட இல்லை, ஈரம்தான். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரி 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வருடத்தில் 170 நாள் மழை நாள். மடிப்புத் தோல் ஊறியே கிடந்தால் எந்த மருந்து கொடுத்தாலும் புண் திரும்ப வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் இன்னொரு கோர்ஸ். ஒவ்வொரு கோர்ஸிலும் தாங்கி நிற்கும் பாக்டீரியாவுக்கு இடம் கூடும். எங்கள் குதிரைக்கு இரண்டே சுற்றில் அது நடந்தது.

குதிரைகளோடு இருபது ஆண்டுக்கு மேல் இருக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் லாயத்தில் உண்டு. முதல் நாளே சொன்னார்: “தம்பி, கழுவுறது பெரிய வேலை இல்ல. காய வைக்கிறதுதான் வேலை.” அப்படித்தான் இருந்தது. பொருக்கை ஊறவைத்து மெல்ல எடுத்து, நுரையைப் பத்து நிமிடம் விட்டு, அலசி, சுத்தமான துண்டால் ஒற்றி, பிறகு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துக் காட்டினோம். துண்டு தினமும் புதிது, கையில் கையுறை. மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் குதிரைக்கும் மனிதருக்கும் இடையே இரு பக்கமும் தாவும். குதிரை மருத்துவர்களின் மூக்கில் மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத வகை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவது பல நாட்டு ஆய்வுகளில் பதிவானது. என் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறாள், இதை நான் லேசாக எடுக்க முடியாது. பத்தாம் நாள் புண் வறண்டது. அப்புறம் வாரம் இருமுறை கழுவல், மழையில் நனைந்த நாளெல்லாம் காயவைத்தல்.

தேவையில்லாத கோர்ஸ் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பெரிய அளவில் பார்க்கக் குதிரைப் பண்ணைகளுக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கியில் குட்டிகளின் நுரையீரலைத் தாக்கும் ரோடோகாக்கஸ் ஈக்வை என்ற பாக்டீரியா உண்டு. பண்ணைகளில் ஸ்கேன் செய்து, நோய் அறிகுறியே இல்லாத குட்டிகளுக்கும் மேக்ரோலைடு, ரிஃபாம்பிசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளைக் கொடுத்தார்கள். அந்தக் குட்டிகளில் பலவும் மருந்தில்லாமலே தேறியிருக்கும். ஆண்டுகள் போகப் போக, இரண்டு மருந்துக்கும் அடங்காத வகை அந்தப் பண்ணைகளில் பெருகியது. உண்மையிலேயே நோயுற்ற குட்டிக்குக் கொடுக்க நல்ல மாற்று அதிகம் இல்லை.

என் அனுபவம் ஒரு குதிரை, ஒரு வகைப் புண். கால் முழுக்க வீங்கிச் சூடாகி, குதிரை நொண்டினாலோ, உடல் வெப்பம் 38.5 டிகிரியைத் தாண்டினாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரை அழையுங்கள். அங்கே ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும், தாமதிக்கக்கூடாது. பூஞ்சையும் தோலில் வாழும் சிற்றுண்ணியும்கூட இதே மாதிரிப் பொருக்கை உண்டாக்கும், ஆகவே பார்க்காமல் கழுவத் தொடங்குவதும் சரியில்லை. குளோர்ஹெக்சிடினையும் அளவுக்கு மீறினால் தோல் வெடிக்கும்.

இரண்டாவது கோர்ஸில் மீந்த பொடிப் பொட்டலங்கள் என் அலமாரியில் இருந்தன. அடுத்த கொட்டில் நண்பர் தன் குதிரையின் முதுகுப் பொருக்குக்கு அதைக் கேட்டார். கொடுக்கவில்லை. பொட்டலங்களை மருத்துவரிடமே ஒப்படைத்துவிட்டு, நண்பருக்கு எங்கள் டிரையரைக் கொடுத்தேன்.