ரீபொசிஷனிங் க்ரூஸ் புக் செய்பவர்கள் கவனத்துக்கு: ஏஜென்ட் தந்த புக்கிங் நம்பர் ஜூனில் சரியாக இருந்தது, அக்டோபரில் காணோம்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்சிலோனாவிலிருந்து ஃபுளோரிடாவில் உள்ள ஃபோர்ட் லாடர்டேல் போகும் கப்பலில் பால்கனி அறைக்கு முழுப் பணமும் கட்டினோம். கிடைத்தது ஜன்னல்கூட இல்லாத உள் அறை. அதுவும் கப்பல் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது மலிவு விலைக்குப் புதிதாகப் போட்ட புக்கிங். நடுவில் இருந்த ஏஜென்ட் வித்தியாசத்தை எடுத்துக்கொண்டார். இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை.

ரீபொசிஷனிங் என்ற இந்த வகைப் பயணம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கோடையில் மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பல்கள் அக்டோபர், நவம்பரில் கரீபியன் பக்கம் போகும், ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வரும். காலியாக ஓட்டுவதற்குப் பதில் ஆட்களை ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரு வழிப் பயணம், நடுவில் ஏழெட்டு நாள் கரையே கண்ணில் படாது, அதனால் விடுமுறை எடுத்து வருகிறவர்களுக்கு இது ஒத்து வராது, விலையும் குறைவாக இருக்கும். ஊரில் வீட்டைக் காலி செய்துவிட்டு வருஷம் முழுக்கப் பயணத்திலேயே இருக்கும் என்னையும் என் கணவரையும் போன்றவர்களுக்கு இது கச்சிதம். திரும்பி வர டிக்கெட் தேவையில்லை, இரண்டு வாரத் தங்கலும் சாப்பாடும் அதிலேயே அடக்கம், மேற்கே போகும்போது கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துவதால் ஜெட்லாக்கும் கிடையாது.

ஆனால் இந்தப் பயணங்களுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது, ஏமாற்று வேலை அங்கேதான் நுழைகிறது. பல கம்பெனிகளில் கப்பல் கிளம்பச் சுமார் 90 நாளுக்கு முன்னால் முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பு ரத்து செய்தால், திரும்பக் கிடைக்கும் வகை டெபாசிட்டாக இருந்தால், போட்ட பணம் அப்படியே திரும்பிவிடும். அந்தத் தேதி தாண்டியதும் விற்காத அறைகளின் விலை பல சமயம் சரசரவென்று இறங்கும். ஆக, நம்மிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒரு ஏஜென்ட், கடைசித் தேதிக்கு முந்தின நாள் நம் புக்கிங்கைச் சத்தமில்லாமல் ரத்து செய்துவிட்டு, விலை விழுந்த பிறகு மட்டமான அறை ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் லட்சக்கணக்கில் மிச்சம். எங்கள் விஷயத்தில் நடந்தது இதேதான்.

எங்கள் ஏஜென்ட் சென்னைக்காரர். நன்றாகப் பேசுவார், எந்த நேரத்தில் மெசேஜ் அனுப்பினாலும் பதில் வரும். இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு லட்சத்துக்கும் மேல், வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். டிப்ஸ், துறைமுக வரி, டிசிஎஸ் (பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி), இன்ஷூரன்ஸ் எல்லாம் அடக்கம் என்று எழுத்திலேயே கொடுத்தார். ஜூன் மாதம் அவர் கொடுத்த நம்பரைக் கப்பல் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்தோம். எங்கள் பெயர், பால்கனி, அறை எண், சைவச் சாப்பாட்டுக் குறிப்பு, எல்லாம் சரியாக இருந்தது. ஏஜென்ட் வழியாகப் போட்டது என்பதால் எவ்வளவு பணம் கட்டப்பட்டிருக்கிறது என்ற பகுதி மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் ஜார்ஜியா நாட்டுத் திபிலிசியில் இருந்தபோது ஆன்லைன் செக்-இன் செய்யப் போனால் அந்த நம்பரே இல்லை என்கிறது தளம். போன் போட்டேன். “சிஸ்டம் அப்கிரேட் மேடம், எல்லாருக்கும் நம்பர் மாறியிருக்கு, டென்ஷன் ஆகாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். மறுநாள் புது நம்பர் வந்தது. திறந்து பார்த்தால் உள் அறை, கேரன்டி வகை, அதாவது எந்த அறை என்பதைக் கப்பல் கம்பெனி கடைசியில் தன் இஷ்டப்படி ஒதுக்கும். கேட்டதற்கு, துறைமுகத்தில் பால்கனிக்கு மாற்றிக் கொடுப்பார்கள் என்றார். கப்பல் கம்பெனிக்கு நேராகப் பேசினோம். ஏஜென்ட் போட்ட புக்கிங் என்பதால் ஏஜென்டிடம்தான் பேசுவோம், உங்களிடம் விவரம் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். நம் பெயரில், நம் பாஸ்போர்ட்டில், நம் பணத்தில் போட்ட பயணத்தைப் பற்றி நம்மிடம் பேச மாட்டார்கள் என்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தால்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் பெயர் விஷயம். நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் உள்ள பிரச்சினைதான், என் கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அவருடைய ஒரே பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயருக்கு எஃப்என்யு, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று அடித்திருப்பார்கள். முதல் புக்கிங்கில் விசாவில் உள்ளபடியே இருந்தது. அவசரத்தில் போட்ட புது புக்கிங்கில் ஏஜென்ட் என் மாமனார் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிட்டார். கப்பல் ஃபுளோரிடா போய்ச் சேருவதற்கு முன்பே பயணிகள் பட்டியல் அமெரிக்க எல்லைத் துறைக்குப் போயாக வேண்டும், அதனால் இதில் கப்பல் கம்பெனிக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பார்சிலோனா துறைமுக டெர்மினலில் எங்களை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் வந்து, பாஸ்போர்ட்டையும் பழைய பாஸ்போர்ட்டில் இருந்த அமெரிக்க பி1/பி2 சுற்றுலா விசாவையும் பலமுறை பார்த்து, யார் யாருக்கோ போன் செய்து, கடைசியில் திருத்தினார்கள். ஏஜென்டுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. செக்-இன் மூடும் நேரம் நெருங்க நெருங்க என் கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊரில் திரும்பிப் போக வீடு இல்லாதவர்களுக்கு, கப்பல் போய்விட்டால் அன்றிரவு எங்கே தங்குவது, ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) எத்தனை நாள் பாக்கி என்று எல்லாமே சேர்ந்து தலையில் இறங்கும்.

ஷெங்கன் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். கப்பலில் ஏறிவிட்டாலே ஷெங்கனிலிருந்து வெளியேறியதாகக் கணக்கு என்று அந்த ஏஜென்ட் சொன்னது தவறு. எங்கள் கப்பல் மதெய்ராவின் ஃபுன்ஷாலில் நின்றது, அது போர்ச்சுகல். கடைசி ஷெங்கன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்வரை நாட்கள் எண்ணப்படும். எந்த 180 நாளிலும் 90 நாள்தான் அங்கே தங்கலாம் என்ற கணக்கை நெருக்கமாக வைத்திருப்பவர்கள் அவர் பேச்சைக் கேட்டால் மாட்டிக்கொள்வார்கள். அவர் கொடுத்த இன்ஷூரன்ஸும் அப்படித்தான். பயணம் இந்தியாவில் தொடங்க வேண்டும் என்று பாலிசியிலேயே இருக்கிறது, நாங்களோ மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருக்கிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வேறு ஒன்று வாங்கினோம்.

கப்பலில் பால்கனியாக மாற்றித் தரும் பேச்சே இல்லை. அங்கிருந்த முன்பதிவு மேஜையில் இருந்த பெண்தான் பொறுமையாகப் பார்த்து, பழைய புக்கிங் ஆகஸ்ட்டில் ரத்தானது, இது போன மாதம் போட்டது என்று தேதியைச் சொன்னார். அவருக்கு நன்றி. அந்தச் சமயத்தில் உள் அறையின் விலை நாங்கள் கட்டியதில் பாதிகூட இல்லை, தளத்தில் நானே பார்த்திருந்தேன். டிப்ஸும் கட்டப்படவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் என்று எங்கள் கணக்கில் ஏறிக்கொண்டே வந்தது, இறங்கும்போது ஐந்நூறு டாலருக்கு மேல். சைவக் குறிப்பும் போயிருந்தது, ஆனால் சாப்பாட்டு அறையில் இருந்த கேரளத்துத் தம்பி ஒருவர் இரண்டாம் நாளே அதைச் சரி செய்துவிட்டார்.

அப்புறம் நம் பேரில் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரிப் படிவமான 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தேன். டிசிஎஸ் என்று எங்களிடம் தனியாக வாங்கிய தொகை எங்கள் பான் எண்ணில் வரவே இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் அதை வசூலித்தால் நம் பேரில் அரசுக்குக் கட்டியாக வேண்டும். இது இப்போது எங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம், உங்களுக்கும் அப்படி வாங்கியிருந்தால் போய்ப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. ஏஜென்டின் பதில், அறையை மாற்றியது கப்பல் கம்பெனி, ரீஃபண்ட் பிராசஸில் இருக்கிறது என்பதுதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019 சட்டப்படி புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால் கோயம்புத்தூரில் போடுகிறோம். கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திருப்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும், அவர் கார்டு வேண்டாம் என்று அழுத்திச் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறது. ஏஜென்ட் வழியாகப் போனாலும் உங்கள் கார்டு எண் நேராகக் கப்பல் கம்பெனியில் விழும்படி செய்ய முடியும், நல்ல ஏஜென்டுகள் அப்படித்தான் செய்கிறார்கள், அதற்கு மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இதே ஆள் இப்போது ஏப்ரலில் ஃபுளோரிடாவிலிருந்து பார்சிலோனா திரும்பும் கப்பலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார், தமிழ்க் குடும்பங்கள் சிலர் பணமும் கட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கோ வேறு யாருக்கோ முழுப் பணம் கொடுத்திருந்தால், உங்கள் கப்பலின் கடைசிக் கட்டணத் தேதி எது என்று கம்பெனியின் தளத்திலேயே பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னால், பணம் வந்து சேர்ந்ததைக் காட்டும் கப்பல் கம்பெனியின் இன்வாய்ஸைக் கேளுங்கள். ஏஜென்ட் தானே அடித்த பிடிஎஃப் செல்லாது. தேதி முடிந்த மறுநாள் அதே நம்பர், அதே அறை எண் இருக்கிறதா என்று திரும்பவும் போட்டுப் பாருங்கள், நம்பர் மாறியிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.