பிஸ் மொனிட்டர்: பகல்நேரச் சத்திரசிகிச்சையில் அதை எவ்வளவு நம்பலாம்?

மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் மயக்கமருந்துப் பிரிவில் பணிபுரியும் நான், காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் நோயாளருக்கான சத்திரசிகிச்சைக் கூடத்தில் சில மாதங்களாக பிஸ் எனப்படும் மூளையலை மொனிட்டரைப் பயன்படுத்தி வருகிறேன். புரொபோபோல் கொடுத்து ஆழ்ந்து உறங்கச் செய்யும்போது மருந்தை அளவோடு நிறுத்த அது உண்மையாகவே உதவுகிறது. கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவுக்கு மட்டும் மருந்து கொடுக்கும்போது அதன் பயன் மிகக் குறைவு. வாங்க நினைக்கும் வைத்தியசாலைகள் இந்த இரண்டையும் வேறுவேறாகப் பார்ப்பது நல்லது.

மனித மூளையின் மின்னலைகளை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இலேயே பதிவுசெய்துவிட்டார். அந்த அலைகளைப் பகுத்து 0 முதல் 100 வரையான ஒரே எண்ணாகத் திரையில் காட்டுவதுதான் பிஸ் செய்யும் வேலை. அமெரிக்காவில் அதற்கு 1996இல் அனுமதி கிடைத்தது. விழித்திருப்பவருக்கு எண் 100ஐ ஒட்டி நிற்கும், முழு மயக்கத்தில் 40க்கும் 60க்கும் இடையில் இருக்கும், மூளையலை முற்றாக அடங்கினால் 0 ஆகும். கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் இலேசான தணிப்பு நிலைக்கு, கைநூல்கள் 60க்கு மேற்பட்ட எண்களைச் சொல்கின்றன.

நெற்றியில் ஒட்டும் சென்சார் பட்டியில் நான்கு மின்வாய்கள் உள்ளன. கூடத்துக்கு வரும் தோட்டத்துத் தாய்மார் பலர் அன்று காலையிலும் தலைக்கு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைத்து, நெற்றியில் திருநீறும் பூசியே வருகிறார்கள். அதன் மேல் ஒட்டினால் பட்டியின் ஓரம் சிறிது நேரத்தில் கிளம்பிவிடும், சமிக்ஞையின் தரத்தைக் காட்டும் பட்டையும் திரையில் சரிந்துவிடும். நெற்றியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு மின்வாயையும் விரலால் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் எண்ணை நம்பலாம். திருநீற்றைத் துடைப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

கருவியின் மிகப் பெரிய நன்மை முதியவர்களிடம் தெரிகிறது. எழுபது வயதைக் கடந்தவருக்கு இளையவருக்குக் கொடுக்கும் அளவு புரொபோபோல் தேவைப்படுவதில்லை. உடல் எடையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எண் சடசடவென 40க்குக் கீழே இறங்குவதைக் கண்முன்னே காணலாம், இரத்த அழுத்தமும் பெரும்பாலும் அதைத் தொடர்ந்து இறங்கும். எண்ணைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாகக் கொடுக்கும்போது மொத்த மருந்து குறைகிறது, நோயாளர் தெளிவாக எழுந்திருக்கிறார். மஸ்கெலியாவுக்கோ அப்புத்தளைக்கோ வளைவுகள் நிறைந்த பாதையில் அன்றே திரும்ப வேண்டியவருக்கு, தலைச்சுற்றலும் குமட்டலும் இல்லாமல் வேனில் ஏறுவது சிறிய விடயமல்ல.

தணிப்பு நிலையில் கதை வேறு. எண் 70 என்று காட்டும்போது ஒருவர் அசையாமல் உறங்கக்கூடும், இன்னொருவர் அதே 70இல் கண்ணைத் திறந்து, “முடிஞ்சிருச்சா மிஸ்?” என்று தாதியிடம் கேட்கக்கூடும். இரு நிலைகளின் எண்களும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதால், “அம்மா, என் கையை இறுக்கிப் பிடிங்க” என்று சொல்லிப் பார்ப்பதே அங்கு நம்பகமான அளவுகோல். மேலும், திரையில் தெரியும் எண் சில நொடிகளுக்கு முந்தைய மூளையைக் காட்டுவது. மருந்து ஏறும் வேகத்துக்கு அது ஈடுகொடுப்பதில்லை.

மருந்துக்கு மருந்து எண்ணின் போக்கு மாறுவதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். கெட்டமின் கொடுத்தால் நோயாளர் ஆழ்ந்து கிடக்க எண் மேலே ஏறும். மயக்க வாயுவான நைட்ரஸ் ஒட்சைட்டை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வலி போக்கும் மருந்தான பென்டனிலின் சிறு அளவு எண்ணை அசைக்காமலே மூச்சை மந்தமாக்கிவிடும். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. நெற்றித் தசையின் மின்னோட்டமும் இரத்தக் கசிவை மின்சாரத்தால் அடக்கும் டயதெர்மிக் கருவியின் குறுக்கீடும் எண்ணைக் குழப்புகின்றன. மார்கழி, தைக் குளிரில் போர்வை போதாமல் நடுங்கும் நோயாளரின் எண் உயர்ந்தால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் முதலில் போர்வையைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

விற்பனையாளர்கள் எடுத்துக்காட்டும் பெரிய ஆய்வு 2004இல் லான்செட் இதழில் வந்தது. முழு மயக்கத்தின்போது விழிப்பு ஏற்படும் ஆபத்து அதிகமுள்ள 2,463 பேரில், பிஸ் பயன்படுத்திய குழுவில் 2 பேருக்கும் மற்றக் குழுவில் 11 பேருக்கும் அத்தகைய விழிப்பு நேர்ந்தது. 2008இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, மயக்க வாயுவின் அளவைக் கவனித்து வந்த குழுவுடன் பிஸ் குழுவை ஒப்பிட்டு, வேறுபாடு எதையும் காணவில்லை. இரண்டுமே முழு மயக்கத்தைப் பற்றியவை. பகல்நேரத் தணிப்புக்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

செலவு கருவியோடு முடிவதில்லை. சென்சார் பட்டி ஒரு நோயாளருக்கு மட்டுமே உரியது, ஒவ்வொருவருக்கும் புதிதாக வாங்க வேண்டும். எங்களுக்குக் கருவியை விற்ற முகவர் பட்டிகளை நேரத்துக்கு அனுப்பாததால், அது மூலையில் நின்ற வாரங்களும் உண்டு. ஆகவே பட்டியின் விலையையும் விநியோகக் காலத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வெளிமூச்சின் காபனீரொட்சைட்டை அளக்கும் கப்னோகிராப் இல்லாத கூடம் முதலில் அதைத்தான் வாங்க வேண்டும். மூச்சு நின்றதைச் சொல்லும் வேலை பிஸ்ஸுடையது அல்ல, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியோ, நோயாளருக்கு ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அதைத் தாமதமாகவே சொல்லும். கப்னோகிராப் ஏற்கனவே இருந்து, புரொபோபோலும் தினமும் பயன்படுகிறதென்றால், முதியவர்கள் அதிகம் வரும் கூடத்துக்கு ஒரு பிஸ் கருவியை வாங்கலாம். வீட்டுக்கு அனுப்பும் முடிவை மட்டும் அதனிடம் விடாதீர்கள்: எழுந்து நடக்கிறாரா, கூட்டிச்செல்லத் துணை வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.