பெக்வே தீவில் பொருள் வாங்குகிறவர்களுக்கு: எந்த டாலர் என்று கேளுங்கள் (எனக்கு 756 போச்சு)

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன்.

கரீபியனில் செயின்ட் வின்சென்ட்டுக்குத் தெற்கே, கிங்ஸ்டவுனிலிருந்து ஃபெர்ரியில் ஒரு மணி நேரத்தில் இருக்கிற குட்டித் தீவு பெக்வே. ஆங்கிலத்தில் எழுதுவது பெக்வியா மாதிரி இருக்கும், சொல்வது பெக்வே. மொத்தமே 18 சதுர கிலோமீட்டர். அங்கே போர்ட் எலிசபெத் துறையை ஒட்டி, ஓவியமும் கைவினைப் பொருளும் விற்கிற ஒரு கடையில் நேற்று முன்தினம் 756 அமெரிக்க டாலர் பறிகொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். அந்த வரிசையில் நல்ல கடைகளும் இருக்கின்றன.

முதலில் கணக்கு. தீவின் பணம் கிழக்குக் கரீபியன் டாலர், பேச்சு வழக்கில் "ஈசி". 1976இலிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 ஈசி என்று கட்டிப்போட்ட விகிதம். ஏறாது, இறங்காது. ஆனால் அமெரிக்க டாலரையும் கடைகளில் வாங்குவார்கள். இரண்டையும் வாயால் சொன்னால் "டாலர்", சீட்டில் எழுதினாலும் அதே டாலர் குறி. காய்கறிச் சந்தையில் குழப்பமே வராது, எல்லாம் ஈசிதான். வெளியூர்ப் பாய்மரப் படகுக்காரர்கள் வந்து இறங்குகிற கரையோரக் கடைகளில்தான் விலைச்சீட்டு எந்த டாலர் என்று சொல்லாமல் தொங்குகிறது.

நான் வாங்கியது மாதிரிப் படகு. பெக்வேக்குப் போய் அதைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய வில்லியம் வாலஸ் 1870களில் தொடங்கி வைத்த வேட்டை அங்கே இன்றும் சிறிய அளவில் நடக்கிறது. அதற்கான படகின் அச்சு அசல் சிறு வடிவம்தான் இது. அசலா என்று பார்ப்பது எளிது. அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) ஒன்றுபோலக் கூராக இருக்க வேண்டும். திமிங்கிலத்தின் பக்கத்திலிருந்து திரும்பாமலே பின்வாங்கத்தான் அந்த அமைப்பு. பின்பக்கம் தட்டையாக வெட்டியிருந்தால் அது வேட்டைப் படகு இல்லை, வேறு ஏதோ படகு. உள்பக்கம் விரலால் தடவினால் உளி போன தடம் தட்டுப்பட வேண்டும். ஒட்டுப்பலகை என்றால் விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும். பாய் துணியாக, கையால் தைத்ததாக இருக்க வேண்டும். இத்தனையும் பார்த்துத்தான் வாங்கினேன். படகு நல்ல படகு. அதுதான் இன்னும் எரிகிறது.

சீட்டில் 1,200 என்று இருந்தது, முன்னால் வெறும் டாலர் குறி. வாசலில் ஒரு பெரியவர் உப்புத்தாள் வைத்துப் படகு தேய்த்துக்கொண்டிருந்தார். கடை முழுக்க மரத்தூள் வாசனை. கல்லாவில் இருந்த அம்மா பாய்மரத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றினார், நிற்கவைத்துக் கட்டினால் விமானத்தில் முறிந்துவிடும் என்று அவரே சொன்னார். அந்த அக்கறையில்தான் விழுந்தேன். "ஈசிதானே?" என்று கேட்டேன். "யெஸ் யெஸ், ஆல் குட்" என்று தலையாட்டினார். 1,200 ஈசி என்றால் 444 அமெரிக்க டாலர். கைவேலைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று கார்டை நீட்டினேன். சிக்னல் இல்லை என்று கருவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். திரும்பி வரும்போது ரகசிய எண் கேட்கிற திரை வந்திருந்தது. வெயிலில் அந்தச் சின்னத் திரையில் மேலே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அங்கேதான் போச்சு. கருவியில் வந்த சீட்டை மடித்து, கையால் எழுதிய பில்லுக்குள் வைத்து, பின் அடித்துக் கொடுத்துவிட்டார்.

ஃபெர்ரியில் பிரித்தேன். யுஎஸ்டி 1,200.00. கூடுதலாகப் போனது 756.

அங்கிருந்தே போன் செய்தேன். "கணக்குப் பார்க்கிறவர் கிங்ஸ்டவுன் போயிருக்கிறார், நாளைக்குக் கூப்பிடுங்கள்." நாளைக்குக் கூப்பிட்டால், "கருவி பேங்க்குடையது, அங்கே கேளுங்கள்." பிறகு, "எங்கள் விலை எப்போதுமே யுஎஸ்தான், நீங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள்." பில்லின் அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அச்சடித்திருக்கிறதாம், அதையும் படிக்கச் சொன்னார். யாருக்கு வேண்டும் திரும்பக் கொடுப்பது? 756ஐக் கொடு, படகு என்னிடமே இருக்கட்டும்.

கார்டு கொடுத்த வங்கியில் கேட்டால், ரகசிய எண் போட்டதால் மோசடிப் பிரிவில் வராது என்கிறார்கள். "தொகை தவறு" என்று ஆட்சேபம் போடலாம், ஆனால் ஒப்புக்கொண்ட தொகைக்கு எழுத்துச் சான்று வேண்டும். என் கையில் இருக்கிற பில்லில் "1200" மட்டும். எந்த டாலரும் இல்லை. இந்தப் பித்தலாட்டம் நிற்பதே அந்தக் காலி இடத்தில்தான். வாசலில் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு இந்த 1,200இல் எவ்வளவு போனது, எந்த டாலரில் போனது என்பதும் தெரியாது.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

விலைச்சீட்டைப் பொருளோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். கையால் எழுதிய பில் என்றால் "ஈசி" என்றோ "எக்ஸ்சிடி" (ஈசியின் மூன்றெழுத்துக் குறியீடு) என்றோ எழுதவைத்த பிறகுதான் கார்டை வெளியே எடுக்க வேண்டும். கருவி உங்கள் கண்ணை விட்டுப் போகக் கூடாது. தொகைக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று எழுத்தைப் படித்துவிட்டு எண்ணை அழுத்துங்கள். முடிந்தால் ஏடிஎம்மில் ஈசி எடுத்து ரொக்கமாகக் கொடுங்கள், ரொக்கத்தில் இந்த விளையாட்டு நடக்காது. திமிங்கில எலும்பு, ஆமை ஓடு எதையும் தொடாதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அது வேறு கதை.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே கடையிலிருந்து வாட்ஸப்பில் பதில் வந்தது: "ஹேவ் எ பிளெஸ்ட் டே." கூடவே ஒரு கும்பிடு பொம்மை. 756 டாலருக்கு.